மூன்று மதிப்பெண்களும் ஒரு மொத்தமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இது கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய தலைப்பு என்று பின்வரிசையில் சிலர் நினைக்கிறீர்கள். கரும்பலகையில் ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன்.

ஒரு மாணவி தமிழில் 72, ஆங்கிலத்தில் 65, கணக்கில் 81. மொத்தம் 218. ஆங்கில மதிப்பெண் மேல் மை கொட்டிவிட்டது. என்ன செய்வோம்? மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழிப்போம், 65 கிடைத்துவிடும். மொத்தம் என்ற அந்த ஒரு எண், மூன்று பாடங்களில் எது அழிந்தாலும் மீட்டுத் தருகிறது.

சர்வரில் ஹார்டு டிஸ்க் போனால் தகவலை மீட்பதும் இப்படித்தான். கணினிக்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே. எனவே மொத்தத்துக்குப் பதிலாக, ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று குறித்துக்கொள்கிறது. மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 இருந்தால் இரண்டு ஒன்றுகள், இரட்டை; நான்காவதில் 0 எழுதும். நடு டிஸ்க் செத்துவிட்டால், மீதியில் ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் உள்ளன, குறிப்பு இரட்டை என்கிறது. ஆக, போனது 0. ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் ரெய்டு. வருமான வரி ரெய்டு இல்லை, பயப்படாதீர்கள்.

இதில் பல வகை உண்டு. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது ரெய்டு 1. 2 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினாலும் 2 டெராபைட் இடம்தான் கிடைக்கும். நான் சொன்ன ஒற்றை இரட்டைக் கணக்கு ரெய்டு 5. அதில் குறிப்பை ஒரே டிஸ்க்கில் வைக்காமல் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிப் பரப்பி வைப்பார்கள். நான்கு டிஸ்க்கில் 6 டெராபைட் கிடைக்கும். ஒன்று போனால் தாங்கும். ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 0 என்று ஒன்றை விற்பனையாளர் வேகத்துக்காகச் சொல்வார். அதில் பாதுகாப்பே கிடையாது. பள்ளிக்கு ரெய்டு 1 போதும் என்பது என் கருத்து. பழுது பார்ப்பவருக்கும் எளிது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் சர்வரின் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு மாதக்கணக்கில் மினுக்கிக்கொண்டிருந்தது. கணினி ஓடுகிறதே என்று விட்டுவிட்டார்கள். ஒரு டிஸ்க் போனதைத்தான் அந்த விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவதும் போன அன்று, பல ஆண்டு மாற்றுச் சான்றிதழ் விவரங்கள் போயின. பிறகு பழைய பதிவேடுகளைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே அளவு உழைத்திருக்கும். ஒன்று போனால் அடுத்ததும் தள்ளாடிக்கொண்டிருக்கலாம். போதாக்குறைக்கு, புது டிஸ்க் போட்டதும் பழையவற்றை மணிக்கணக்கில் படித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். விளக்கு மாறிய அன்றே சொல்லி அனுப்ப வேண்டியது அதனால்தான். மாற்றும்போது டிஸ்க்கின் வரிசை எண்ணை இரண்டு முறை பாருங்கள். நல்லதை உருவிவிட்டால் கதை முடிந்தது.

யாராவது கோப்பை அழித்துவிட்டால் ரெய்டு காப்பாற்றாது. இரண்டு டிஸ்க்கிலும் உடனே அழியும். வைரஸ், மின்னல், திருட்டு, மழைநீர் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். அதற்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, சர்வர் இருக்கும் அறையில் வைக்காமல் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் வையுங்கள். பருவத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

மேசைமேல் பழுதான டிஸ்க் ஒன்று கழற்றி வைத்திருக்கிறேன். நான்கு நான்கு பேராக வாருங்கள். வரிசை எண் எங்கே அச்சிட்டிருக்கிறது என்று காட்டுகிறேன்.