மீட்டர் பெட்டியும் நம்ம வீட்டுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குடும்பமும் மின் கட்டணமும்". இந்தத் தலைப்பில் யார் பேச வந்தாலும் "தேவையில்லாத விளக்கை அணையுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம்ம வீட்டில் தேவையில்லாத விளக்கு எங்கே எரியுது, சொல்லுங்க? ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஒரு அறை. அதனால் விளக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன்.

போன கோடையில் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 2,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. தீர்மான நோட்டில் காரணம் எழுதணும் இல்லையா? "என்னக்கா காரணம் போடட்டும்?" என்று ஊக்குநர் கேட்டாங்க. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "மருத்துவச் செலவுன்னு போடும்மா" என்றார். அப்புறம் மெதுவாத்தான் விஷயம் வெளியே வந்தது. கரண்ட் பில். ரீடிங் எடுத்து 20 நாளுக்குள்ள கட்டணும், மறுநாள் கடைசி நாள். யாரும் சிரிக்கவில்லை. "நான் போன தடவை கம்மலை வச்சுத்தான் கட்டினேன்" என்றார் ஒருத்தர். "நான் பிள்ளை பீஸுக்கு வச்சிருந்த காசை எடுத்தேன்" என்றார் இன்னொருத்தர்.

பணம் போனதைவிட அந்த அக்காவுக்கு வலித்தது வேறு. "நாள் பூரா வீட்டில் இருக்கிறவ நீ. நீதானே ஓட்டுற" என்று வீட்டுக்காரர் சொல்லிட்டார். இது அந்த ஒரு வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை. பில் ஏறினால் பழி நம்ம தலையில் விழுது. அந்தப் பழியை நாமும் உண்மைன்னு நம்பிடுறோம். நம்பிட்டு எதையெல்லாம் குறைக்கிறோம் பாருங்க. மத்தியானம் நாம் படுக்கும்போது ஃபேனை நிறுத்துறோம். கிரைண்டரை விட்டுட்டு ஆட்டுக்கல்லுக்குப் போறோம். பாட்டி ஃபேனை ரெண்டாம் நம்பரில் வைக்கிறோம். பிள்ளை படிக்கும்போது "ஹால்ல வந்து படி, அங்கே ஒரு லைட்டு போதும்" என்கிறோம். இவ்வளவும் செய்தும் பில் இறங்கலை. ஏன் இறங்கலை என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போறேன்.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். 2 மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 2022 செப்டம்பருக்கு முன்னாடி 1,130 ரூபாய் வந்தது. அந்த செப்டம்பரில் 1,725 ஆச்சு. 2024 ஜூலையில் 1,805 ஆச்சு. 2025 ஜூலையில் கட்டணம் ஏறினபோது வீடுகளுக்கு ஏற்றவில்லை. ஆக, நீங்க அதிகமா ஓட்டவில்லை என்றாலும் 2024 ஜூலைக்குள் அதே 500 யூனிட்டுக்கு 675 ரூபாய் கூடிடுச்சு. இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமா ஒரு தடவை சொல்லுங்க.

இப்போ 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டினால் ரெண்டு அடி விழுது. ஒன்று, தாண்டின யூனிட்டுக்குக் கட்டணம் 8 ரூபாய் 40 காசிலிருந்து ஆரம்பம். இரண்டாவது அடிதான் பலருக்குத் தெரியறதில்லை. கீழே 2.35 போட்ட அந்த 100 யூனிட்டுக்கும் சேர்த்து 4.70 போட்டுடுவாங்க. அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் என்றால் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய் 40 காசு! 510 ஓடினால் 2,124 ரூபாய். 2024இல் 2 மாத மகளிர் உரிமைத்தொகை 2,000 ரூபாய். அதை அப்படியே கொண்டுபோய்க் கட்டினாலும் இன்னும் 124 ரூபாய் கையிலிருந்து போடணும்.

அப்போ நமக்குத் தெரிய வேண்டிய எண் எது? 500ஐ 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டும் கொஞ்சமும். 8 என்றே வைத்துக்கொள்ளுங்க. வாரத்துக்கு 56. ரீடிங் எடுக்கிறவர் 2 நாள் தள்ளி வந்தால்கூட 496இல் நிற்கும், எல்லை தாண்டாது. சின்ன வீடு, 200க்குள் நிற்கணும் என்று நினைக்கிறவங்களுக்கு நாளைக்கு 3 யூனிட் கணக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி 200 யூனிட்டுக்கு பில் 235 ரூபாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் எண்ணைப் பார்த்து காலண்டரில் எழுதுங்க. எண் மாறி மாறி வரும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச். என்று காட்டுகிறபோது வர்ற எண்தான் நமக்கு வேண்டியது. வெள்ளை அட்டையில் போன தடவை எழுதின எண்ணோடு ஒப்பிட்டால் எது என்று தெரிஞ்சிடும். என் யோசனை, இதை நீங்க எழுதாதீங்க. பிள்ளையை எழுதச் சொல்லுங்க. அம்மா எழுதினால் அது அம்மா கணக்கு. பிள்ளை எழுதி, அப்பா வாசிச்சா அது வீட்டுக் கணக்கு.

உள்கடன் கேட்ட அந்த அக்கா வீட்டில் எட்டாவது படிக்கிற பொண்ணுதான் எழுதினாள். முதல் வாரம் 61, அடுத்த வாரம் 66. அம்மா ஃபேனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் 66. அந்தப் பொண்ணு என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு சாமானிலும் ஒட்டியிருக்கிற வாட்ஸைப் பார்த்து நோட்டில் எழுதினாள். 1,000 வாட்ஸ் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பள்ளிக்கூடத்தில் படிக்கிற கணக்குதான், ஆனா அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அது உதவிச்சு. அம்மா சாயந்திரம் 3 மணி நேரம் சீரியல் பார்க்கிற டிவி 50 வாட்ஸ். 2 மாதத்துக்கு 9 யூனிட். அவள் படிக்கிற எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ், தினம் 4 மணி நேரம். 2 மாதத்துக்கு 2.16 யூனிட். 500ஐத் தாண்டினால் வர்ற 8.40 போட்டால்கூட 18 ரூபாய். தண்ணீர் மோட்டார் 1 எச்.பி., அதாவது 746 வாட்ஸ். அப்பா மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போவார். தொட்டி நிரம்பி அரை மணி நேரம் வழியும். வழிஞ்ச அந்த அரை மணி நேரம் மட்டும் 2 மாதத்துக்கு 22 யூனிட். அண்ணன் குளிக்க வாளியில் போடுற ஹீட்டர் ராடு 1,500 வாட்ஸ். தினம் அரை மணி நேரம் என்றால் 45 யூனிட். அதுவும் கோடையில்!

சீரியலைத் திட்டிக்கிட்டிருந்த வீட்டில் இப்போ மோட்டார் போட்டால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். ராடு மழைக்காலத்துக்கு மட்டும் என்று ஆயிடுச்சு. அடுத்த பில் 470 யூனிட். 1,616 ரூபாய். நான் இதைப் பெரிய வெற்றி என்று சொல்லலை. 1,600 ரூபாயும் காசுதான். ஆனா அந்த வீட்டில் "நீதானே ஓட்டுற" என்ற பேச்சு நின்றுபோச்சு.

உங்க வீட்டில் வேறு ஏதாவது இருக்கும். எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு, பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிட்டு மீட்டரைப் பாருங்க. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். எல்லாம் அணைஞ்ச பிறகும் அது மின்னிக்கிட்டே இருந்தால் எங்கேயோ கரண்ட் கசியுது, இல்லை வேறு யாரோ எடுக்கிறாங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும். கசிவு காசுக்கு மட்டும் இல்லை, உயிருக்கும் கேடு. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்க. சுலபமா வந்தால் ரப்பர் போயிடுச்சு, உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்க்கிட்டே இருக்கு. ரப்பர் மட்டும் மாற்றினால் போதும், பிரிட்ஜை மாற்ற வேண்டாம். கான்கிரீட் கூரை, சிமெண்ட் ஷீட்டு போட்ட வீட்டுக்காரங்க கோடைக்கு முன்னாடி மேலே சுண்ணாம்பு அடிங்க. உள்ளே சூடு குறையும்.

ஃபேனைப் பற்றி நிறைய பேர் கேட்கிறாங்க. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ். புதுசா வர்ற பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்ஸ். தினம் 12 மணி நேரம் ஓடினால் 2 மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். 4.70 கட்டணத்தில் சுமார் 150 ரூபாய். இதுக்காக குழுவில் கடன் வாங்கி, ஓடுகிற நல்ல ஃபேனைக் கழற்றிப் போடுறது எனக்கு நியாயமாத் தெரியலை. வட்டியையும் சேர்த்தால் போட்ட காசு வர வருஷக்கணக்கில் ஆகும். பழைய ஃபேன் காயில் போகும்போது, திரும்பச் சுற்றக் கொடுக்கிற காசோடு கொஞ்சம் சேர்த்து அதை வாங்குங்க. படுக்கையில் இருக்கிற பெரியவங்களுக்கு இரவு பகலா ஓடுகிற ஃபேன் என்றால் மட்டும் இப்பவே மாற்றலாம். அவங்க ஃபேனை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க, அதுவும் அக்னி நட்சத்திரத்தில்.

கேஸ் பற்றியும் இரண்டு வார்த்தை. சென்னை விலையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு வரைக்கும் போச்சு. அப்புறம் இறங்கி 818.50இல் நின்று, 2025 ஏப்ரலில் 868.50 ஆச்சு. விலை ஏறினப்போ நம்ம பெண்கள் பலர் குளியல் தண்ணீர், மாட்டுக்கு வேகவைக்கிறது, அப்புறம் சோறு என்று ஒவ்வொன்றா விறகு அடுப்புக்கு மாறிட்டாங்க. வாசலில் வெந்நீர் காய வைக்கிறது வேறு. மூடின அடுப்படிக்குள்ள புகையில் நின்று சமைக்கிறது வேறு. அந்தச் சிக்கனம் யாருடைய நெஞ்சில் போய் உட்காருது என்று வீட்டில் கேளுங்க. அதுக்குப் பதிலா பருப்பு, கொண்டைக்கடலையை ஊற வைத்துக் குக்கரில் வையுங்க. தீ மஞ்சளா எரிந்தால் பர்னர் அடைச்சிருக்கு, சுத்தம் செய்யுங்க. சிலிண்டர் வந்ததும் எடை போட்டு வாங்குங்க. காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கூட்டினால் சரியா வரணும். எடை போடச் சொல்ல நமக்கு உரிமை இருக்கு. கேஸை மிச்சம் பிடிக்க இண்டக்ஷன் அடுப்பு வாங்குறவங்க, முதலில் உங்க வெள்ளை அட்டையைப் பாருங்க. ஏற்கெனவே 480இல் நிற்கிற வீடு என்றால் அது உங்களை 500ஐத் தாண்ட வைக்கும்.

கடைசியா, வாடகை வீட்டில் இருக்கிற தங்கச்சிகளுக்கு. இவ்வளவு நேரம் நான் சொன்ன கணக்கு உங்களில் பல பேருக்குப் பொருந்தாது, அது எனக்குத் தெரியும். உங்களுக்கு வெள்ளை அட்டை இல்லை. ஓனர் வைத்த சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பார், முதல் யூனிட்டிலிருந்தே. மாதம் 60 யூனிட் ஓடினால் 2 மாதத்துக்கு 960 ரூபாய். அதே 120 யூனிட் உங்க பேரில் தனி இணைப்பில் ஓடியிருந்தால், 2024 ஜூலைக் கட்டணப்படி 100 இலவசம் போக 20 யூனிட்டுக்கு 47 ரூபாய். 47 எங்கே, 960 எங்கே! இந்த வித்தியாசத்தை எந்த ஃபேனை நிறுத்தியும் பிடிக்க முடியாது. தனியாப் போய்க் கேட்டால் "வேற வீடு பாரும்மா" என்பாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் வாடகை வீட்டுக்காரங்க ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சப் மீட்டர் எண்ணை எழுதி வையுங்க, முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்க. ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் இப்படி இருக்காங்க, யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறாங்க என்று பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் எடுத்துக் கூட்டமைப்புக்குக் கொடுங்க. தனி இணைப்பு கேட்டு கூட்டமைப்பின் பெயரில் மனு கொடுக்க அது உதவும். இந்தக் கோரிக்கையை இன்று மதியம் எடுக்கிற தீர்மானங்களில் சேர்க்க வேண்டும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.