கார்டு இருக்கு, ஆனா கேம் அதுல ஓடல

போன வாரம் எங்க வீட்ல பெரிய பஞ்சாயத்து. தம்பிக்குத் தவணைல லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். உள்ள என்விடியா கார்டு. ஆனா மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன்ல ஷேடர் போட்டா 20 எஃப்பிஎஸ் தாண்ட மாட்டேங்குது. "ஏமாத்திட்டாங்கண்ணா"ன்னு புலம்பறான். கடையில கேட்டா, "போர்டு பிரச்சினையா இருக்கும், வெச்சுட்டுப் போங்க"ங்கறாங்க. அம்மா பில்லைத் தேடி எடுத்துட்டாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி, கேமுக்குள்ள போய் எஃப் 3 அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் எந்த கிராபிக்ஸ்ல ஓடுதுன்னு பேரே வரும். வந்தது இன்டெல்! காசு கொடுத்து வாங்கின கார்டு சும்மா கிடக்கு.

இந்த மாதிரி லேப்டாப்ல கிராபிக்ஸ் ரெண்டு. ப்ராசஸரோடயே வர்றது ஒண்ணு. அது பேட்டரியை மிச்சம் பிடிக்கும். தனி கார்டு இன்னொண்ணு. எந்த ஆப்புக்கு எதுன்னு டிரைவரும் விண்டோஸும் தானா முடிவு பண்ணும். என்விடியா 2010-ல ஆப்டிமஸ்ங்கிற பேர்ல கொண்டுவந்த ஏற்பாடு இது. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், சில நேரம் சொதப்பும்.

செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ்னு போனா நாமளே சொல்லிடலாம். தம்பியும் சொல்லியிருந்தான். லாஞ்சரைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வெச்சிருக்கான். அங்கதான் கோட்டை விட்டான். லாஞ்சர் கதவைத் திறந்து விடறதோட சரி. கேம் ஓடறது ஜாவாவுல. அந்த ஃபைல் பேர் ஜாவா, ஒட்டி ஒரு டபிள்யூ, டாட் இஎக்ஸ்இ. அதைத் தேடி அலைய வேண்டாம். கேம் ஓடிட்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜர்ல டீட்டெய்ல்ஸ் போங்க, அந்தப் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தா ஃபோல்டர் திறக்கும். அந்த ஃபைலைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் வெச்சு, கேமை மூடித் திறந்தோம். எஃப் 3-ல என்விடியா! 60-க்கு மேல போச்சு.

இந்த ஜோர்ல பிரவுசர், வேர்டு எல்லாத்துக்கும் அதையே வெச்சிடாதீங்க, பேட்டரி கரைஞ்சிடும். அப்புறம் சார்ஜர் செருகிட்டு விளையாடுங்க. பேட்டரில ஓடும்போது கார்டுக்கு முழு பவர் கிடைக்காது.

பில்லை அம்மா திரும்ப பீரோவுல வெச்சுட்டாங்க. தவணை இன்னும் பத்து பாக்கி.