வயது நிரையில் படிக்க வேண்டிய மணநிலை



வயதை நிரைகளிலும் மணநிலையை நிரல்களிலும் வைக்கும் இருவழி அட்டவணையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். புள்ளியியலில் காலடி வைக்கும் மாணவருக்கே கற்பிக்கப்படும் கருவி இது. ஆனாலும் இந்தியக் கணக்கெடுப்பில் சி-2 என்ற எண்ணோடு வெளிவரும் அந்த அட்டவணையைப் போல் நம் குடும்ப வாழ்வைத் திறந்து காட்டும் ஆவணத்தை நான் அறியேன். அதை அடி மொத்தத்தோடு மூடிவைத்துவிடும் பழக்கம்தான் என்னை வருத்துகிறது.

2011 கணக்கெடுப்பில் கணவரை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடி, மனைவியை இழந்த ஆண்கள் சுமார் 1.2 கோடி. பெண்கள் தம்மினும் மூத்தவர்களை மணக்கிறார்கள். ஆண்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள். மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொண்டு ‘மணமானோர்’ நிரலுக்கே திரும்பிவிடுகிறார். 1856-இலேயே கைம்பெண் மறுமணச் சட்டம் வந்த நாட்டில், பெண்ணுக்கு அந்த வழி இன்றும் குறுகலாகவே இருக்கிறது. இவையெல்லாம் மொத்தத்தில் ஒன்றாய்க் கரைந்துபோகின்றன. முப்பதுகளின் நிரையில் ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு எழுபதுகளின் நிரைக்கு இறங்குங்கள். ஆயுள் வேறுபாட்டின் பங்கும் மறுமண வேறுபாட்டின் பங்கும் எவ்வளவு என்ற கேள்வியை அங்கேதான் ஒழுங்காகக் கேட்க முடியும்.

மாநிலங்களை ஒப்பிடும்போது இந்தக் கவனம் இன்னும் தேவை. 2011-இல் கேரளத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 12.6 விழுக்காடு, பீகாரில் 7.4 விழுக்காடு. இரண்டின் கைம்பெண் விழுக்காட்டையும் அப்படியே எதிரெதிரே வைத்தால், முதியோர் மிகுந்த மாநிலம் துயர் மிகுந்த மாநிலமாகத் தோன்றும். இரண்டுக்கும் ஒரே வயதமைப்பைப் பொருத்தித் தரப்படுத்திய பிறகே ஒப்பீட்டுக்குப் பொருள் வரும்.

விழுக்காட்டை எந்தத் திசையில் எடுக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். கைம்பெண்களில் எத்தனை பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்பது ஓய்வூதியத்துக்கு நிதி ஒதுக்குபவரின் கேள்வி. அறுபதைக் கடந்த பெண்களில் எத்தனை பேர் கைம்பெண்கள் என்பது வாழ்க்கையின் இடர் பற்றிய கேள்வி. கட்டத்தில் இருக்கும் எண் ஒன்றே. வகுக்கும் எண் மாறினால் விடை வேறு.

1900-இல் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனையை இங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘வயதுக்கும் மணநிலைக்கும் தொடர்பு உண்டு’ என்று முடிக்கும் கட்டுரைகளை இனியும் ஏற்கக் கூடாது. கோடிக்கணக்கானோர் இடம்பெறும் அட்டவணையில் அந்த முடிவு சோதனைக்கு முன்பே தெரிந்ததுதான். தொடர்பின் வடிவத்தைச் சொல்லுங்கள். ஜான் ஹஜ்னல் 1953-இல் செய்தது அதைத்தான். மணமாகாதோர் விழுக்காடு வயதுக்கு வயது குறைந்துவரும் விதத்தை மட்டும் கொண்டு, 50 வயதுக்குள் மணந்தவர்களின் சராசரி மண வயதைக் கணிக்க வழி சொன்னார். திருமணப் பதிவேடு சீராக இல்லாத நாடுகளுக்கு அது பெருங்கொடை. ஆனால் மணப் பழக்கம் வேகமாக மாறும் காலத்தில் அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒரே நாளில் எண்ணப்பட்ட இருபது வயதுப் பெண்ணும் நாற்பது வயதுப் பெண்ணும் வெவ்வேறு காலத்தில் வளர்ந்தவர்கள்.

அட்டவணையில் வரலாறு பதிந்த ஓர் இடத்தை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். குழந்தை மணத் தடைக்கான சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் நாள் பார்த்துக்கூடக் காத்திராமல் பிள்ளைகளுக்கு மணம் முடித்தார்கள். 1931 கணக்கெடுப்பில், 15 வயதுக்குட்பட்ட மணமான சிறுமிகளின் எண்ணிக்கை 1921-ஐவிடக் கூடியிருந்தது. தடுக்க வந்த சட்டமே அவசரத்தைக் கிளப்பியதற்குச் சான்று அந்த இளவயது நிரைகள். எல்லா வயதையும் கூட்டிய வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் சிறிய கட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் பிரிந்து வாழ்வோர், மணவிலக்கு பெற்றோரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கணவன் விட்டுப்போன பெண்ணை ‘வாழாவெட்டி’ என்று ஊர் பேசும். கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கும்போது வீட்டார் ‘கல்யாணம் ஆகிவிட்டது’ என்பதோடு நிறுத்திக்கொண்டால், அவள் மணமானோர் நிரலில் சேர்ந்துவிடுவாள். அப்படி விழுந்த எண்ணை எந்தச் சோதனையாலும் மீட்க முடியாது.

2027-இல் கணக்கெடுப்பு நடத்த இந்திய அரசு அறிவித்திருக்கிறது. மணநிலைக் கேள்வியைக் கூடுமானவரை அந்தப் பெண்ணிடமே நேரில் கேட்கும்படி கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவு அமர்வில் முன்மொழிய விரும்புகிறேன். அதன் வாசகத்தை உங்கள் விவாதங்களிலிருந்தே எடுத்துக்கொள்ள எண்ணுகிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.