ஓலையில் உறங்கும் ஒலி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள்தோறும் செங்கற்பட்டில் கூடிக் கவிதைகளை வாய்விட்டுப் படித்துச் சுவைத்து வரும் அவை இது. எழுத்தில் கிடக்கும் பாடல் செவியில் விழும்போதுதான் உயிர் பெறுகிறது என்பதை இங்கு யாருக்கும் நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தத் துணிவில்தான் 'வடமொழி மந்திரச் சுவடிகள்' என்னும் பொருளைத் தேர்ந்தேன். தலைப்பைக் கேட்டதும் நம் வட்டத்து நண்பர் ஒருவர், "தமிழ் அவையில் வடமொழி ஏட்டிற்கு என்ன வேலை, அம்மா?" என்று வினவினார். நேர்மையான வினா. இவ்வுரை முழுவதும் அதற்கு விடையாக அமையும் என நம்புகிறேன்.

முதலில் என் குறையொன்றை அவைமுன் ஒப்புக்கொள்கிறேன். என் தாய்வழிப் பாட்டனார் தீக்கை பெற்றுச் சிவபூசை செய்துவந்தவர். அவர் மறைந்த பின்னர், பாலாற்றங்கரை ஊரில் இருந்த அவர் வீட்டுப் பூசை மாடத்தில் ஓர் ஏட்டுக்கட்டு எஞ்சியது. ஆண்டுதோறும் கலைமகள் விழாவன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். கட்டை மட்டும் அவிழ்ப்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த நாளில், ஏடென்றால் தமிழ் ஏடுதானே என்னும் எண்ணத்தில் அதை அவிழ்த்தேன். ஓரெழுத்தும் விளங்கவில்லை. சில எழுத்துகள் தமிழ் போலிருந்தன. அடுத்த எழுத்து முகந்தெரியாததாய் நின்றது. அவை கிரந்த எழுத்துகள். பாட வேறுபாடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு என் வீட்டு ஏட்டின் முதல் வரியே எட்டவில்லை. நாணத்தோடு கட்டி வைத்துவிட்டேன். அடுத்த இருபது ஆண்டுகள் சந்தனமும் குங்குமமும் இடுவதோடு என் கடமை முடிந்தது.

அன்பர்களே, கிரந்த எழுத்து எங்கிருந்தோ வந்திறங்கியதன்று. அதன் பழைய வடிவைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் கடலோரப் பாறையில் குடையப்பெற்ற அதிரணசண்ட மண்டபத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே ஒரு சுவரில் வடமொழிச் செய்யுள்கள் பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டுள்ளன. எதிர்ச்சுவரில் அதே செய்யுள்கள் நாகரி எழுத்தில் உள்ளன. ஒலி ஒன்று, வரிவடிவம் இரண்டு. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையில், ஒரு மொழியின் ஒலியை எந்த எழுத்தில் காப்பது என்னும் எண்ணம் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

இனிச் செங்கற்பட்டை ஒட்டிய வல்லத்திற்கு வருவோம். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை அது. அதனைச் செய்வித்தவனைக் கூறும் தமிழ்க் கல்வெட்டில் ஸ்கந்தசேனன் 'கந்தசேனன்' ஆகிறான். வசந்தப்ரியன் 'வயந்தப்பிரி' ஆகிறான். மகேந்திரன் 'மயேந்திரன்' ஆகிறான். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த ஆள்க எனத் தொல்காப்பியர் வகுத்த நெறி கல்லில் நடைமுறையாவதை இங்கே காண்கிறோம். பெயர்ச்சொல்லுக்கு இது அழகிய நெறி. ஒலி மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

ஆனால் மந்திரத்திற்கு இந்நெறி பொருந்தாது. மந்திரத்தில் ஒலியே பொருள் என்பது அதை ஓதுவோர் கொள்கை. நம் ககரம் ஒன்று. வடமொழியில் அவ்வினத்து ஒலிகள் நான்கு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஒலித்தால் மந்திரம் மந்திரமாகாது என்றனர் அந்நெறியினர். எனவே தமிழ் நிலத்தில் வடமொழியை ஒலி வழுவாது எழுதக் கிரந்தம் கைக்கொள்ளப்பட்டது. இன்று நாம் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியன அந்த நெடுங்கணக்கிலிருந்து நம்மோடு தங்கிவிட்ட எழுத்துகளே.

மந்திரம் என்றதும் அது நமக்குப் புறம்பானது என எண்ணவும் வேண்டா. அடிவரையறை இல்லாதன என்று தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் ஆறனுள் மந்திரமும் ஒன்று. உரை, பிசி, முதுமொழி முதலியவற்றோடு அதை உடன் வைத்து, நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மறைமொழி என்று விளக்குகிறார் ஆசிரியர். நிறைந்த சொல்லும் மறைந்த பொருளும் கூடியது மந்திரம் என்பதை நம் இலக்கணமே ஏற்றுள்ளது.

அப்படியாயின் அந்த வடமொழி ஏடுகளில் இருப்பது என்ன? சைவ ஆகமங்கள் இருபத்தெட்டு என்பது மரபு. காமிகம், காரணம், அசிதம், ரௌரவம், கிரணம் முதலியன அவற்றுட் சில. இவற்றின் வழியே, நாள்வழிபாடு முதல் குடமுழுக்கு வரை செய்முறையை வரிசைப்படுத்திக் கூறும் கையேடுகள் எழுந்தன. அவை பத்ததி எனப்படும். தமிழகக் கோயில்களில் இன்றளவும் பெருவழக்காக இருப்பது 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் இயற்றிய 'கிரியாக்கிரமத்யோதிகை'. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் இராசசிம்ம பல்லவன் சைவசித்தாந்த நெறி நின்றவனாகப் புகழப்படுகிறான். அவன் காலத்திற்கும் இந்நூலுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளர்ச்சி கிடக்கிறது.

இந்நூல்களில் மந்திரம் தனியே நிற்பதில்லை. உடலோடும் கையோடும் மூச்சோடும் பிணைந்தே வருகிறது. ஈசானம், தத்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்னும் ஐந்தும், இதயம், தலை, குடுமி, கவசம், கண், அத்திரம் என்னும் ஆறு அங்கங்களும் ஓதப்படும்போது ஓதுபவரின் விரல் அவ்வவ்விடத்தைத் தொட்டுச் செல்லும். இதற்கு நியாசம் என்று பெயர். ஆன்மா, இடம், பூசைப்பொருள், மந்திரம், இலிங்கம் ஆகிய ஐந்தையும் தூய்மை செய்த பின்னரே வழிபாடு தொடங்கும். மந்திரத்திற்கும் தூய்மை வேண்டும் என்னும் எண்ணம், சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம்மைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைக்கவேண்டும்.

ஓதும் முறையும் மூன்று. பிறர் செவிப்பட ஓதுவது வாசகம். தன் செவிக்கு மட்டும் கேட்குமாறு நாநுனி அசைய ஓதுவது உபாஞ்சு. நாவும் அசையாமல் உள்ளத்தால் ஓதுவது மானசம். ஒன்றினும் ஒன்று உயர்ந்தது என்பர். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையிலும் இம்முப்பகுப்பு உண்டு.

ஏடுகளில் நான் வியந்தது வேறொன்று. மூல மந்திரங்களைப் பல நூல்கள் நேரே எழுதுவதில்லை. எழுத்துகளை எட்டு வருக்கமாகப் பகுத்து, இன்ன வருக்கத்து இன்ன எழுத்தை எடு, அதனோடு இன்ன உயிரைச் சேர், மேலே விந்துவை வை என்று வழி மட்டும் கூறுகின்றன. கட்டங்கள் வரைந்து, எழுத்துகளை நிரப்பி, அவற்றினின்று மந்திரத்தைப் பொறுக்கியெடுக்கச் சொல்லும் நூல்களும் உண்டு. இதற்கு மந்திரோத்தாரம் என்று பெயர். சித்தர் பரிபாடையும் சித்திரகவியும் பயின்ற தமிழ்ப் புலவர்க்கு இக்கலை அயலாகத் தோன்றாது.

என் பாட்டனார் ஏட்டில் இருந்ததும் அத்தகைய பூசைக் கையேடே என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அறிந்தேன். மாமல்லபுரக் கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதிய குருக்கள் ஒருவர் கிரந்தம் படிப்பார் என்று கேள்விப்பட்டு ஏட்டுக்கட்டுடன் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, கயிற்றை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு ஏடுகளைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் படிக்கத் தொடங்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒருவரும் ஒலிக்காமல் பல்லாண்டு கிடந்த எழுத்துகள் ஒருவர் குரலில் எழுந்தன.

இடையிடையே அவர் நிறுத்திப் புன்னகைத்தார். "இங்கே தமிழ் இருக்கிறதே, அம்மா" என்று காட்டினார். மந்திரம் கிரந்தத்தில், 'இதன் பின்பு பூவைச் சாத்தவும்', 'தீர்த்தம் விடவும்' என்னும் குறிப்புகள் தமிழில். ஓதவேண்டிய எண்ணிக்கை 108 என்பதும், ஏட்டின் ஓரத்திலிருந்த பக்க எண்களும் தமிழ் எண்ணில். வடமொழியில் வணங்கிய கை தமிழில் நினைவு வைத்திருக்கிறது. நண்பரின் வினாவிற்கு முதல் விடை எனக்கு அங்கே கிடைத்தது.

மூல மந்திரத்தைக் குறிக்கும் செய்யுள் வந்தது. அதை முழுவதும் படித்தார், பொருளும் உரைத்தார். அதனின்று தோன்றும் மந்திரத்தை மட்டும் கூறவில்லை. கேட்டேன். "ஏடு வழியைச் சொல்லும், எழுத்தைச் சொல்லாது, அம்மா. அது குரு காதில் சொல்வது" என்று கூறி ஏட்டைப் புரட்டினார்.

ஆய்வாளர் என்ற முறையில் என் மனம் அதை ஏற்கவில்லை. மறைத்து வைத்ததால் மறைந்தே போன நூல்கள் எத்தனை! ஒரு சிலர்க்கே உரியது என வேலியிட்டதால், வேலிக்குப் புறத்தே நின்றவர்கள் அதை வெறுத்தார்கள். உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகள் வேறு தொழில் நாடிச் சென்றார்கள். இறுதியில் கரையான் ஒன்றே ஏட்டை விரும்பி உண்டது. அதே வேளையில், எழுதிவைத்தாலும் ஒரு குரலின்றி இது நிறைவுறாது என்று அந்நூலாசிரியர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த இடத்தை நான் மதிக்கவும் செய்கிறேன். இவ்விரண்டு எண்ணங்களையும் சமன் செய்ய இன்றளவும் எனக்கு இயலவில்லை.

அவர்தம் மகனார் கோயிலில் பூசை செய்கிறார், குரல் இனியது. ஆயின் அவர் கையிலிருப்பது தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகம். எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்னும் சிற்றெண்கள் ஒலிவேறுபாட்டைக் காட்டுகின்றன. "எனக்குக் கிரந்தம் வராது, அப்பாவோடு சரி" என்றார் அவர். சென்ற மாசியில் முதியவர் மறைந்தார். என் ஏட்டில் பாதியே படித்திருந்தோம்.

இந்நிலை ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஏடு அழிவது இயற்கை. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும். பழுதுறும் ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் எழுதி, மையாடிக் கட்டி வைப்பதே முன்னோர் கண்ட காப்புமுறை. படியெடுக்கும் தலைமுறை ஒன்று தவறினால் நூல் தவறிவிடும். 1869இல் நிறுவப்பெற்ற சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், தஞ்சைச் சரசுவதி மகாலும், அடையாறு நூலகமும் பல்லாயிரம் ஏடுகளைக் காத்துள்ளன. 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், என்.ஆர்.பட் முதலிய அறிஞர்களின் உழைப்பால், கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள் இல்லங்களிலும் சிதறிக்கிடந்த சைவச் சுவடிகளைத் திரட்டியது. ரௌரவம், அசிதம், மிருகேந்திரம் முதலிய ஆகமங்கள் பட் அவர்களின் செம்மையான பதிப்பில் வெளிவந்தன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள், சற்றேறக்குறைய 11,000, யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றன. அவற்றுட் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்தவை.

ஏடுகள் நிழற்படமாகின்றன, மின்னுருப் பெறுகின்றன. 2014இல் கிரந்தம் கணினிக்குரிய ஒருங்குறியிலும் இடம் பெற்றது. மகிழ்ச்சியே. ஆயின் படம் ஏட்டைக் காக்கும், படிப்பைக் காக்காது. படிக்கும் கண் இல்லாத இடத்தில் படமும் இன்னொரு பூசைமாடமாகவே முடியும்.

இப்போது நண்பரின் வினாவிற்கு மீள்கிறேன். வடமொழி தமிழை ஒதுக்கிய வரலாறும், கருவறையில் தமிழ் ஒலிக்கவேண்டும் என்னும் வேட்கையும் எனக்கும் உரியன. அதில் இம்மியும் நான் பின்வாங்கவில்லை. 2020 பிப்ரவரி 5ஆம் நாள் தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கு, சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படி தமிழிலும் வடமொழியிலும் நடைபெற்றபோது உவந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஓர் ஏட்டைப் படிப்பது அதற்கு அடிமைப்படுவதாகாது. அந்த ஓலை நம் பனையின் ஓலை. அதைக் கீறியது நம் ஊர்க் கை. ஓரத்தில் நிற்பது நம் எண். கோயிலில் யார், எம்மொழியில், எதை ஓதலாம் என்று வழக்காடுகிறோமே, அவ்வழக்கிற்குரிய சான்றுகளும் இவ்வேடுகளில்தாம் உள்ளன. படிக்கத் தெரியாதவர் பிறர் சொல்வதை நம்பவேண்டும், அல்லது மறுக்கவேண்டும். மூன்றாவது வழி படிப்பது ஒன்றே.

நமக்கு அண்மையிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கந்தசிஷ்யன் என்னும் பழைய வேந்தன் கோயிலுக்கு விட்ட நிலக்கொடையை நரசிங்கவர்மன் காத்தான் என்றும், பின்னர் ஆதித்த சோழன் தன் 27ஆம் ஆட்சியாண்டில் அதனைப் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. மூன்று வேந்தர், இரண்டு அரசமரபு. ஆயினும் கொடை அறுபடவில்லை. முன்னவன் வைத்ததைப் பின்னவன் படித்தறிந்தான், அதனால் காத்தான்.

ஆகவே வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற் பணியாக, திங்களுக்கு இரண்டு சனிக்கிழமை மாலைகளில் கிரந்த எழுத்துப் பயிற்சி தொடங்குவோம். தமிழ் எழுத்து அறிந்தவர்க்குப் பாதி எழுத்துகள் முன்னரே உறவு. நானும் மாணவியாகவே அமர்வேன். கடந்த எட்டுத் திங்களாகத் தட்டுத்தடுமாறிக் கற்று வருகிறேன். ஒரு நாளில் ஓர் ஏட்டின் ஒரு பக்கம் செல்கிறது. உங்கள் இல்லங்களிலும் சந்தனமிட்டு அவிழ்க்காத கட்டுகள் இருக்கலாம். கொண்டு வாருங்கள், சேர்ந்து அவிழ்ப்போம். மந்திரத்தை ஓதுவதும் ஓதாமையும் அவரவர் நெறி. எழுத்தை அறிவது நம் அனைவர்க்கும் பொது.

ஏட்டின் முடிவில் எழுதியவர் தம் கைப்பிழையைப் பொறுத்தருள வேண்டுவது மரபு. என் பாட்டனார் ஏட்டின் இறுதியோலை பாதி முறிந்துவிட்டது. 'குருவே துணை' என்பது மட்டும் தமிழில் எஞ்சி நிற்கிறது. என் உரையில் நேர்ந்த பிழைகளையும் அவ்வாறே பொறுத்தருள வேண்டி அமைகிறேன்.