குவியலின் அடியில் உள்ள ஈரம்



மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனுள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

நனைந்த தானியத்தில் எடை மோசடி மட்டுமல்ல, நஞ்சும் இருக்கக்கூடும். ஈரத்தோடு குவித்து வைத்த நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றில் பூஞ்சை படர்ந்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். சமையல் சூட்டில் அது முழுமையாக அழிவதில்லை. தொடர்ந்து உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

உணவைக் கெடுக்கும் மாசுகள் மூன்று வகைப்படும். கிருமிகள், பூஞ்சைகள் போன்ற உயிருள்ளவை முதல் வகை. பூச்சிமருந்தின் எச்சம், ஈயம், காட்மியம் போன்ற இரசாயனங்களும் உலோகங்களும் இரண்டாம் வகை. கல், கண்ணாடித் துண்டு முதலியன மூன்றாம் வகை. இவற்றுள் கண்ணுக்குத் தெரியாத இரண்டாம் வகை, பெரும்பாலும் மண்ணிலும் நீரிலும் தொடங்கி நம் தட்டுக்கு வந்து சேருகிறது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உப்பேறின, விளைநிலங்கள் பாழாயின. உச்சநீதிமன்றம் 1996-இல் இது குறித்துத் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேருக்கு 2001-இல் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. இருந்தும் துயரம் தீராததால், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று.

சகோதரர்களே! அத்தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் முதலாளிகளாகவும் உழைப்பாளிகளாகவும் இருக்கின்றனர். எனவே இதைப் பேசாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. தோல் பதனிடுவது ஹலாலான தொழில். ஆனால், அதன் கழிவைப் பிறருடைய கிணற்றில் கலக்கவிடுவது ஹலாலாகுமா? ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணுமாறு திருமறை (2:168) இரண்டையும் சேர்த்தே கட்டளையிடுகிறது. ஒருவரின் வருமானத்திற்காக இன்னொருவரின் குழந்தை உப்பு நீரைக் குடிப்பது, குவியலின் அடியில் மறைத்த ஈரம் அல்லவா? பள்ளிவாசலுக்கு வழங்கும் நன்கொடை அந்தக் கிணற்றை இனிக்கச் செய்யாது.

தீர்வு இல்லாமல் இல்லை. தோலை ஊறவைக்குமுன் அதில் படிந்துள்ள உப்பை உதறி எடுக்கலாம். பயன்படுத்திய குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். சுத்திகரிப்பு நிலையத்தைச் சோதனை நாளில் மட்டுமன்றி எல்லா நாளும் இயக்கலாம். விவசாயி, மருந்து தெளித்தபின் அதன் உறையில் குறித்துள்ள நாட்கள் கழியும் வரை அறுவடையைத் தள்ளிவைக்கலாம். வியாபாரி, தானியத்தை நன்கு உலர்த்திய பிறகே மூட்டை கட்டலாம்.

தாய்மார்களே! பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி மீதியைச் சமைக்காதீர்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அல்லது உடனே பகிர்ந்தளியுங்கள். கெட்டுவிட்டதோ என்று ஐயம் ஏற்பட்ட உணவை ஏழைக்குத் தர்மமாகக் கொடுக்காதீர்கள்.

மண்ணும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அதிகாரி வந்து சோதிக்கும்வரை காத்திராமல், நம் தொழிலின் குவியலுக்குள் நாமே கையை நுழைத்துப் பார்ப்போம். ஈரம் தட்டுப்பட்டால் அதை மறைக்காமல் சரிசெய்வோம்.

தூய்மையானதைச் சம்பாதித்து, தூய்மையானதை உண்டு, பிறருக்கும் தூய்மையானதையே விட்டுச் செல்லும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.