அனுமதி வரும்வரை



இவ்வூர் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் துயின்ற சமணத் துறவியர், உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கையும் தானங்களாகப் போற்றிய மரபினர். கல்வியைப் பற்றி இம்மேடையில் நிரம்பப் பேசியாயிற்று. நாம் மருந்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு தந்தது. வயற்கூலிக்கு அது எட்டவில்லை. தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பின்னரே நம் குடிசைகளுக்கு அட்டை வந்தது. 2018-இல் அது மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது சிறிய உதவியன்று.

ஆயினும் அட்டை இருந்தால் மட்டும் அறுவை அரங்கின் கதவு திறந்துவிடாது. மருத்துவமனை தாள்களை அனுப்ப, காப்பீட்டுத் தரப்பு மருத்துவர் பார்த்து இசைவு தரவேண்டும். இதுவே முன் அனுமதி. இவ்விதியை அடியோடு நீக்குக என்று நாம் கூறமாட்டோம். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிப் பெண்களின் கருப்பையை அகற்றினர் என்று 2012-இல் பீகாரிலும் சத்தீசுகரிலும் எழுந்த புகார்களை மறத்தல் ஆகாது. ஏமாற்றப்பட்டோர் ஏழைப் பெண்களே. கண்காணிப்பு வேண்டும், அதன் சுமை நோயாளியின் தலையில் விழலாகாது.

நாம் உடனிருந்து கண்டது ஒன்று. நம் பழைய மாணவர் ஒருவரின் தந்தை, கூலி வேலை செய்பவர், நெஞ்சு நோயால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்ப அட்டையில் பெயருக்கு முன் இருந்த தலைப்பெழுத்து ஆதார் அட்டையில் இல்லை. "விளக்கம் கேட்டிருக்கிறார்கள்" என்று இரண்டு நாள் கடந்தது. யார் கேட்டார், எப்பொழுது கேட்டார் என்பதற்குத் துண்டுச் சீட்டும் இல்லை. முன்பணம் கட்டச் சொன்னார்கள். அவர் மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அனுமதி மூன்றாம் நாள் வந்தது. தோடு இன்னும் வரவில்லை. நமக்கு உண்டான கோபம் அந்த எழுத்தின் மீதன்று, அந்த இரண்டு நாள் மௌனத்தின் மீதே.

விலை கொடுத்துக் காப்பீடு வாங்குவோர்க்கு, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஆணையிட்டது. நம் அட்டைக்கும் அதே கடிகாரம் ஓடவேண்டும். குறித்த நேரம் கடந்தால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளவேண்டும். மறுத்தால், மறுத்த காரணத்தைத் தமிழில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்கவேண்டும். பெயர்ப் பிழையைச் சிகிச்சைக்குப் பின்னரும் திருத்திக்கொள்ளலாம்.

இவற்றைக் கோரும் மனுவை, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் சங்கத்தின் பெயரால் கொடுக்க எண்ணியுள்ளோம். வரைவு நம் மேசைமீது உள்ளது. படித்த இளைஞர்கள் திருத்தித் தருக. வரும் ஞாயிறன்று காலை, காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டாரும் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.