பருவம் பறிபோன குழந்தை



பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துக் கண்டனர். காப்பு, செங்கீரை எனத் தொடங்கிப் பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்று அது நடந்து செல்லும். எப்பருவமும் நிலைத்து நிற்பதில்லை. தாலில் கிடந்த பிள்ளை சப்பாணியில் அமர்ந்து கைகொட்டும். பிள்ளை வளர்கிறது என்பதே பாடுவோனின் மகிழ்ச்சி. இதற்கு நேர்மாறாக, ஒரு குழந்தையை வளரவிடாமல் நிறுத்திவைக்க ஒரு தொழிலே முயன்ற வரலாற்றை அமெரிக்க நடிகை ஷெர்லி டெம்பிளின் தன்வரலாற்று நூல் கூறுகிறது. 'சைல்டு ஸ்டார்' என்னும் அந்நூல் 1988இல் வெளிவந்தது. பிற்காலத்தில் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் தம் நாட்டின் தூதராக விளங்கி, 2014இல் மறைந்தவர் அவர்.

1928 ஏப்ரல் 23ஆம் நாள் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்த ஷெர்லி, நான்காம் வயதை எட்டும் முன்னரே படப்பிடிப்புக் கூடத்திற்குள் அழைத்துச் செல்லப்பட்டார். பெரியோர் நடித்த படங்களைச் சிறு குழந்தைகளைக் கொண்டு கேலி செய்யும் குறும்படங்கள் அவை. சொற்படி நடவாத குழந்தைகளுக்கென அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதனுள் ஒரு பனிக்கட்டிப் பாளம். பிழை செய்த குழந்தை அந்த இருட்டில், அந்தக் குளிரில் தனியே இருக்க வேண்டும். நேரத்தை வீணாக்கினால் பணம் வீணாகும் என்னும் பாடத்தை அங்கே கற்றதாக ஷெர்லி எழுதுகிறார். அந்தப் பெட்டி தமக்குத் தீங்கேதும் செய்துவிட்டதாகத் தெரியவில்லை என்றும் கூறுகிறார். படிப்போர்க்கு அவ்வளவு எளிதில் நம்பிக்கை வருவதில்லை.

1934இல் புகழ் வந்தது. 1935 முதல் 1938 வரை நான்காண்டுகள் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம் பெற்றவர் இச்சிறுமியே. தாய் கெர்ட்ரூட் நாள்தோறும் எண்ணி 56 சுருள்களாக மகளின் கூந்தலை அமைத்தார். பாற்பற்கள் விழுந்தபோது அவ்விடைவெளிகளைப் பொய்ப்பற்கள் மறைத்தன. பல் விழுவது குழந்தைக்கு இயல்பு; திரைக்கு அது இழப்பு! கடையொன்றில் கண்ட கிறிஸ்துமஸ் தாத்தா தம்மிடமே கையொப்பம் கேட்டதால், அவர்மீதிருந்த நம்பிக்கை ஆறு வயதிலேயே போய்விட்டதாக ஷெர்லி நகைச்சுவையுடன் குறிப்பிடுவது உண்டு. நகைச்சுவைதான்; எனினும் ஒரு குழந்தை இழந்ததும் அதில் தெரிகிறது.

எல்லாவற்றினும் கொடியது வயதைத் திருடியமை. குழந்தைமை நீளுமளவும் வருவாயும் நீளும் என்று கருதி, அவர் பிறந்த ஆண்டை 1929 எனப் படநிறுவனத்தார் மாற்றினர்; தாயும் அதற்கு உடன்பட்டார். மாற்றியது ஊருக்கு மட்டுமன்று, குழந்தைக்கும்தான். பன்னிரண்டாம் பிறந்தநாள் வந்தபோதுதான் தமக்குப் பதின்மூன்று வயது என்பதை ஷெர்லி அறிந்தார். இதற்கிடையே ஐரோப்பாவில் வேறொரு வதந்தி: அவர் குழந்தையே அல்லர், முப்பது வயதுக் குள்ளப்பெண் என்று. வயதைக் குறைத்தவர் ஒருபுறம், கூட்டியவர் மறுபுறம். உண்மை வயதில் வாழ அக்குழந்தைக்கு எங்கும் இடமில்லை.

1939ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஷெர்லி பாடிக்கொண்டிருந்தபோது அவையிலிருந்த பெண்ணொருத்தி துப்பாக்கியை நீட்டினாள். தடுத்துப் பிடித்துவிட்டனர். தன் மகள் இறந்த அதே நாளில் ஷெர்லி பிறந்ததாக நம்பி, மகளின் உயிரை இவள் கவர்ந்துகொண்டாள் என்று மயங்கிய தாய் அவள். அவள் நம்பிய பிறந்தநாளோ 1929ஆம் ஆண்டுக்குரியது. விளம்பரத்துக்காகப் புனைந்த பொய். அந்தப் பொய்க்காக ஒரு குழந்தையின் உயிர் போயிருக்கும். புகழின் துன்பத்தைக் கூற இந்நூலில் இதனினும் வன்மையான பகுதி இல்லை.

நாற்பதாம் ஆண்டு அவர் வேறொரு பெரிய நிறுவனத்துக்கு மாறியபோது, தயாரிப்பாளர் ஒருவர் தம் அறையில் அச்சிறுமியிடம் நெறிகெட்டு நடந்தார். என்னவென்று அறியாத பேதைமையில் ஷெர்லி சிரித்துவிட, சினந்து வெளியேற்றிவிட்டார். நடந்தது இன்னதென்று தெரியாத வயதுதான் அந்தப் பிள்ளையைக் காத்தது என்று சொல்ல வேண்டியிருப்பதே வேதனை.

இனி பொருள். சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தம் வருவாயைக் கரைத்துவிட்டதாகப் பெற்ற தாய்மீதே 1938இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் ஊதியத்தைக் காக்கச் சட்டம் பிறந்தது. சட்டம் வந்தும் ஷெர்லிக்குப் பயனில்லை. ஏறத்தாழ 32 இலட்சம் டாலர் ஈட்டியவர், திரையுலகை விட்டு விலகிக் கணக்குப் பார்த்தபோது எஞ்சியது ஏறத்தாழ 44,000 டாலர். நீதிமன்றம் ஆணையிட்ட சேமிப்பை முறையாகச் செலுத்தத் தவறியவர் தந்தை ஜார்ஜ். வங்கிப் பணியில் இருந்தவர்!

இவ்விடத்தில் ஒரு சுடுசொல்லை எதிர்பார்ப்போம். இல்லை. தமக்கு ஏமாற்றமும் எழவில்லை, சினமும் எழவில்லை, சிலருக்கு இது விளங்காது என்ற அளவில் அவர் நின்றுவிடுகிறார். நூலின் பெருமை இவ்வடக்கமே என்போர் உளர். அடக்கம் என்பதைவிட, பெட்டிக்குள் அமர்ந்து அழாமலிருக்கக் கற்ற குழந்தையின் பழக்கம் என்பதே பொருந்தும். ஆயினும் தந்தை செய்ததை அவர் மறைக்கவில்லை. தொகை பிசகாமல் எழுதியிருக்கிறார். எழுதியது எப்போது என்பதும் கருதத்தக்கது. தாய் 1977இல் மறைந்தார், தந்தை 1980இல். நூல் வெளிவந்தபோது அதைப் படிக்க இருவரும் இல்லை.